மேட்டில் உட்கார்ந்த பிரைமர்

செப்டம்பர் 8, 2024, ஞாயிறு

இன்றைய கைத்துப்பாக்கி மேட்சில் (நேரம் பார்த்து, ஓடி ஓடி அட்டைகளைச் சுடும் போட்டி) நாலாவது ஸ்டேஜில், அதாவது நாலாவது சுற்றில், இரண்டு தோட்டா வெடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து குளித்து, ரசம் சாதம் சாப்பிட்டுப் படுத்த பிறகும் அந்த "டக்" காதை விட்டுப் போகவில்லை. டப் என்று வெடிக்க வேண்டிய இடத்தில் டக். யாரையும் குறை சொல்ல முடியாது, போன வாரம் என் ஷேடோ 2 கைத்துப்பாக்கியின் ஹேமர் (தோட்டாவை வெடிக்க வைக்க அடிக்கும் சுத்தி) ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு 11.5 பவுண்டு ஸ்பிரிங்கை மாட்டியவன் நான்தான்.

இந்த விளையாட்டில் எடுத்த புள்ளியை எடுத்துக்கொண்ட நொடிகளால் வகுப்பார்கள். வருவதுதான் ஹிட் ஃபேக்டர். அந்த ஸ்டேஜில் 12 அட்டை, அட்டைக்கு இரண்டு, மொத்தம் 24 தோட்டா. அட்டையில் நடுப்பகுதி ஏ, அதைச் சுற்றி சி, ஓரம் டி. எனக்கு 17 ஏ, 6 சி, 1 டி. எங்கள் மைனர் (வலிமை குறைந்த தோட்டா) கணக்கில் ஏ-க்கு 5, சி-க்கு 3, டி-க்கு 1, ஆக 104 புள்ளி. நேரம் 21.60 நொடி, ஹிட் ஃபேக்டர் 4.81. ஒவ்வொரு டக்குக்கும் ஸ்லைடை (துப்பாக்கியின் நகரும் மேல்பாகம்) இழுத்துக் கெட்ட தோட்டாவை வெளியே தள்ளி மறுபடி குறி பிடிக்க ஒன்றரை நொடி போனது. அந்த மூன்று நொடி கையில் இருந்திருந்தால் 5.59. சுட்டதெல்லாம் ஒழுங்காகத்தான் சுட்டிருக்கிறேன், சுடாததுதான் கவிழ்த்துவிட்டது.

ஹூஸ்டன் செப்டம்பர் வெயிலைப் பற்றித் தனியாகப் புலம்ப வேண்டும். இன்னொரு நாள்.

செப்டம்பர் 11, புதன்

ஏன் ஸ்பிரிங்கை மாற்றினாய் என்று கேட்கிறவர்களுக்காக. நான் ஆடுவது கேரி ஆப்டிக்ஸ் பிரிவு, ஸ்லைடு மேல் சிவப்புப் புள்ளி காட்டும் குறிக்கண்ணாடி உட்கார்ந்திருக்கும். என்னுடையது போல வெளியே ஹேமர் தெரிகிற துப்பாக்கி என்றால் ஹேமரை முழுதும் இறக்கிவிட்டுத்தான் உறையில் வைக்க வேண்டும். ஆகவே முதல் குண்டு டபுள் ஆக்‌ஷன், ட்ரிகரை இழுக்கும் விரலே ஹேமரையும் தூக்க வேண்டும். நீளமான, கனமான இழுப்பு. அடுத்த குண்டிலிருந்து ஹேமர் ஏற்கெனவே பின்னால் நிற்கும், ட்ரிகர் வெண்ணெய். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தில்தான் என் முதல் குண்டு எப்போதும் கீழே இடது பக்கம் போய் சி-யில் விழும். ஸ்பிரிங்கைத் தளர்த்தினால் இழுப்பு குறையும். அளந்தேன்: முன்பு 8 பவுண்டு 2 அவுன்ஸ், இப்போது 6 பவுண்டு 1 அவுன்ஸ்.

ஆனால் ஹேமர் அடிக்கிற அடியும் அதே ஸ்பிரிங்கிலிருந்துதான் வருகிறது. விரலுக்குச் சலுகை கொடுத்தால் பிரைமருக்கு (தோட்டாவின் அடியில் இருந்து, அடிபட்டதும் மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) பட்டினி. ஃபெடரல் பிரைமரின் உலோகம் மென்மை, லேசான அடிக்கும் வெடித்துவிடும், அதனால்தான் ஸ்பிரிங்கைக் குறைத்தவர்கள் அதைத் தேடி அலைகிறார்கள். தோட்டாவை நானே வீட்டில் அடைத்துக்கொள்கிறேன், அதற்கு என்னிடம் இருப்பது அதைவிடக் கடினமான வகை, நிறைய இருக்கிறது. தீரும் வரை வேறு வாங்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். "துப்பாக்கி வாங்குன காசுல பாதியத் துப்பாக்கியக் கெடுக்கச் செலவு பண்றீங்க" என்று மனைவி சொன்னாள். பதில் சொல்லவில்லை, கணக்கு கிட்டத்தட்ட சரி.

செப்டம்பர் 21, சனி

13 பவுண்டு ஸ்பிரிங் வந்துவிட்டது. மாற்றினேன். டபுள் ஆக்‌ஷன் 6 பவுண்டு 12 அவுன்ஸ். பரவாயில்லை.

ராத்திரி அரை மணி நேரம் வெறும் துப்பாக்கிப் பயிற்சி. தோட்டாக்கள் எல்லாம் கராஜில், பயிற்சி மாடி அறையில், கதவைச் சாத்தும் முன் அறையில் ஒரு தோட்டாகூட இல்லை என்று வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்ப்பேன். பையன் இதைக் கேலி செய்து, பல் தேய்க்கப் போகும்போது "அறையில் தோட்டா இல்லை" என்கிறான்.

செப்டம்பர் 22, ஞாயிறு

ரேஞ்சில் (சுட்டுப் பழகும் மைதானம்) 100 தோட்டா. மூன்று வெடிக்கவில்லை.

13 பவுண்டு ஸ்பிரிங்கிலும் மூன்று! துப்பாக்கியை ரேஞ்சின் மண் திட்டுப் பக்கமே நீட்டியபடி அரை நிமிடம் காத்திருந்தேன், தாமதமாக வெடிக்கவும் வாய்ப்பு உண்டு. பிறகு வெளியே எடுத்து, மறுபடி ஏற்றி அடித்தேன். மூன்றும் இரண்டாவது அடியில் வெடித்தன. இது எனக்கு உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை. ஸ்பிரிங் இன்னும் போதவில்லை என்றே நினைத்துக்கொண்டு வழியெல்லாம் 15 பவுண்டு ஸ்பிரிங் வாங்குவதைப் பற்றி யோசித்துக்கொண்டு வந்தேன்.

செப்டம்பர் 26, வியாழன்

மாமாவைப் பற்றி எழுதியதில்லை. மனைவியின் அப்பா. கிரீன் கார்டில் வந்து எங்களோடுதான் இருக்கிறார். சாத்தூர்ப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸில் 22 வருஷம் மேற்பார்வை பார்த்தவர். நான் கராஜில் தோட்டா அடைப்பதை ஆரம்பத்திலிருந்தே அவர் அதிசயமாகப் பார்க்கவில்லை. "மருந்துதானே" என்றார் முதல் நாள். எங்கள் ஊரில் பட்டாசுக்குள் போவதும் மருந்து, தீக்குச்சி முனையில் இருப்பதும் மருந்து, துப்பாக்கிப் பொடியும் மருந்து. மூன்றோடும் விளையாடக் கூடாது என்பது ஒன்றுதான் அவருக்கு முக்கியம். பொடி டப்பா திறந்திருக்கும்போது கராஜில் யாரும் செல்போன் எடுக்கக் கூடாது என்பது அவர் போட்ட விதி. கவனம் சிதறுமாம். சரிதான்.

இன்று சாயங்காலம் டில்லன் பிரஸ்ஸில் (தோட்டா அடைக்கும் கைமெஷின்) நான் அடைத்துக்கொண்டிருக்க, மாமா ஸ்டூலில் உட்கார்ந்து, முடிந்த தோட்டாக்களைப் பெட்டியில் அடிப்பக்கம் மேலே தெரிகிற மாதிரி அடுக்கிக்கொண்டிருந்தார். அடுக்கி முடித்துப் பெட்டிமேல் உள்ளங்கையை மெதுவாக ஓட்டினார். திரும்ப ஒருமுறை, இந்தத் தடவை ஆள்காட்டி விரல் மட்டும்.

"மாப்ள, இது மேட்டுல நிக்குது. இதுவும். இந்தா இதுவும்."

வாங்கிப் பார்த்தேன், கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. விரலை வைத்தால் தெரிகிறது. பிரைமர் தோட்டாவின் அடிப்பரப்புக்கு ஒரு இம்மி கீழே இருக்க வேண்டும். அவர் எடுத்துக் கொடுத்ததில் அது பரப்போடு சமமாக, ஒன்றிரண்டில் ஒரு மயிரிழை மேலேயே நின்றது. ஹேமரின் முதல் அடி முழுவதும் அந்தப் பிரைமரை உள்ளே உட்கார வைப்பதிலேயே செலவாகிவிடும், இரண்டாவது அடிதான் வெடிக்க வைக்கும். ஞாயிற்றுக்கிழமை மூன்றும் இரண்டாவது அடியில் வெடித்தது ஏன் என்று இப்போது புரிகிறது. ஸ்பிரிங்கை நான் மூன்று வாரமாகத் திட்டிக்கொண்டிருந்தேன்.

"எப்படி மாமா கண்டுபிடிச்சீங்க?"

"சட்டத்துல அடுக்குற குச்சியில ஒண்ணு உள்ள போயிருந்தா அதுக்கு மருந்து பிடிக்காது. கண்ணுல தெரியாது, தடவுனாத் தெரியும். ஒரு நாளைக்கு எத்தனை சட்டம் தடவியிருப்பேன்."

மொத்தம் 200-ல் 11 மேட்டில். அடைத்து முடித்த தோட்டாவில் பிரைமரை மறுபடி அழுத்தி உள்ளே தள்ளுவது பைத்தியக்காரத்தனம், எனவே தனி டப்பாவில் போட்டு எழுதி வைத்தாயிற்று. அப்புறம் இருவரும் ஈயம் போகக் குளிர்ந்த தண்ணீரில் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் அத்தை காபியைக் கையில் கொடுத்தார்.

செப்டம்பர் 29, ஞாயிறு

பிரைமர் ஏன் மேட்டில் நிற்கிறது என்பதற்கு இரண்டு காரணம்.

ஒன்று நான். இந்தப் பிரஸ்ஸில் கைப்பிடியைக் கீழே இழுக்கும்போது மற்ற வேலைகள் நடக்கும், மேலே கொண்டுபோய் முன்னால் தள்ளும்போதுதான் பிரைமர் உட்காரும். இழுப்பதில் இருந்த வேகம் தள்ளுவதில் இல்லை, கடைசித் தள்ளலை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறேன்.

இரண்டாவது கூடு. ரேஞ்சில் பொறுக்கிய பித்தளைக் கூடுகளில் ராணுவத்துக்காகச் செய்தவையும் கலந்திருக்கும். அவற்றில் பிரைமர் நழுவாமல் இருக்கச் சுற்றிலும் பித்தளையை நெரித்து வைத்திருப்பார்கள். பழைய பிரைமரைத் தட்டி எடுத்த பிறகும் அந்த உதடு மிச்சம் இருந்து, புதியதை உள்ளே விடாது. அதைச் சீவி அல்லது விரித்து எடுக்க வேண்டும், இல்லை ஒதுக்க வேண்டும். மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒதுக்கும் வேலையை எடுத்துக்கொண்டார். நேட்டோ முத்திரை அவருக்கு "வட்டத்துக்குள்ள கூட்டல் குறி போட்டது". சன் டிவி பார்த்துக்கொண்டே ஒரு வாளி முடித்துவிட்டார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், என் ஷேடோ 2 மாதிரி சிஇசட் கம்பெனித் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு உதவும். இதன் பேரலில் (குழலில்) தோட்டா உட்காரும் அறை முடிந்தவுடனே வரிப்பள்ளங்கள் தொடங்கிவிடும், வேறு துப்பாக்கியில் ஓடுகிற நீளத்தில் அடைத்தால் குண்டு போய் அதில் முட்டும். பேரலைக் கழற்றி, தோட்டாவை அதில் போட்டுப் பார்க்க வேண்டும். "டொக்" என்று விழ வேண்டும், விரலால் சுற்றினால் சுற்ற வேண்டும், கவிழ்த்தால் தானாக விழ வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் நீளத்தைக் குறைக்க வேண்டும், குறைத்தால் உள்ளே அழுத்தம் ஏறும் என்பதால் மருந்தின் அளவையும் மறுபடி கீழிருந்து தொடங்கிப் பார்க்க வேண்டும். அவசரப்படுகிறவர்கள் கடையில் தோட்டா வாங்கிக்கொள்வது நல்லது.

அக்டோபர் 13, ஞாயிறு

மேட்ச். ஒரு டக்கும் இல்லை! 13 பவுண்டு ஸ்பிரிங், அதே கடினமான பிரைமர், விரலால் தடவிய தோட்டா.

அதற்குப் பதிலாக மேகசின் (தோட்டாக்களை அடுக்கித் துப்பாக்கிக்குள் செருகும் பெட்டி) காலை வாரியது. இரண்டாவது ஸ்டேஜில் தோட்டா மூக்கைக் கீழே குத்திக்கொண்டு நின்றது, நாலாவதிலும் அப்படியே. என் மேகசின்களுக்கு மனைவியின் நகப்பூச்சில் எண் போட்டு வைத்திருக்கிறேன் (குறிக்கண்ணாடியின் திருகு நகர்ந்தால் தெரியட்டும் என்று அதன் தலைக்கும் அதே மெரூன் கோடு). இரண்டு தடவையும் 3-ம் எண். எண் போடாமல் இருந்திருந்தால் இந்நேரம் எக்ஸ்ட்ராக்டரை (சுட்ட கூட்டை வெளியே இழுக்கும் கொக்கி) கழற்றியிருப்பேன். வீட்டில் பிரித்தால் உள்ளே டெக்ஸாஸ் மண் ஒரு தேக்கரண்டி. ஓடிக்கொண்டே கீழே போடுகிற பொருள், மண் ஏறாமல் என்ன செய்யும். பிரஷ் விட்டுத் துடைத்தேன், ஸ்பிரிங்கும் மற்றதைவிட இரண்டு சுற்று குட்டையாகியிருந்தது. மாற்றியாயிற்று. எண்ணெய் போடவில்லை, போட்டால் மண்ணுக்கு விருந்து.

அக்டோபர் 26, சனி

குண்டின் வேகத்தை அளக்கும் கருவியோடு ரேஞ்சுக்கு. மாமாவும் வந்தார், காதில் பெரிய மூடி, தலையில் துண்டு. போகும் வழியில், "மருந்தக் கொறச்சுப் போட்டா ஒதறாதுல்ல, வேகமாச் சுடலாமே" என்றார். இந்த விளையாட்டின் முழுச் சண்டையும் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

1976-ல் மிசூரி மாநிலத்தின் கொலம்பியா ஊரில் கூடி, இந்த விளையாட்டின் சர்வதேச அமைப்பான ஐ.பி.எஸ்.சி.யைத் தொடங்கியபோது (முதல் தலைவர் ஜெஃப் கூப்பர்) துல்லியம், வலிமை, வேகம் என்று மூன்றையும் சேர்த்தே குறிக்கோளாக வைத்தார்கள். வலிமையை அளக்கத்தான் பவர் ஃபேக்டர். குண்டின் எடையை கிரெயினிலும் வேகத்தை நொடிக்கு எத்தனை அடி என்றும் எடுத்துப் பெருக்கி ஆயிரத்தால் வகுக்க வேண்டும். மைனருக்கு 125 வேண்டும். பெரிய மேட்சில் உங்கள் தோட்டாவில் சிலவற்றை எடுத்துப்போய், ஒன்றின் குண்டைப் பிடுங்கி எடை போட்டு, மற்றதைச் சுட்டுப் பார்ப்பார்கள். 125-க்குக் கீழே போனால் நாள் முழுக்கச் சுடலாம், புள்ளி மட்டும் கிடையாது.

என்னுடையது 147 கிரெயின், அதாவது ஒன்பதரை கிராம். பத்துத் தோட்டாவின் சராசரி 878 அடி, பெருக்கினால் 129. ஆகக் குறைந்தது 866, அதற்கும் 127 வருகிறது. குளிர்ந்த காலையில் என் மருந்து கொஞ்சம் இறங்குகிறது, அதற்கு இந்த இடைவெளி போதும். மாமா எல்லா எண்ணையும் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டார். எதற்கு என்று தெரியவில்லை.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. அதிகாலை எண்ணெய்க் குளியல், லேகியம், எட்டு மணிக்கு ஆபீஸ் மீட்டிங். ராத்திரி வாசலில் கம்பி மத்தாப்பு மட்டும். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்த மாமா, "சிவகாசி இல்ல" என்று கீழே வைத்துவிட்டார்.

நவம்பர் 10, ஞாயிறு

மேட்ச். மாமா கூடவே வந்து பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எச்1 விசாவில் இருந்த காலத்தில் நான் இதே மாதிரி பின்னால் உட்கார்ந்து வேடிக்கை மட்டும் பார்த்திருக்கிறேன். வேட்டை லைசென்ஸ் மாதிரி ஏதாவது விதிவிலக்கு இல்லாமல் அந்த விசாவில் துப்பாக்கி வைத்துக்கொள்ள முடியாது.

மூன்றாவது ஸ்டேஜ், 28 தோட்டா. "மேக் ரெடி" சொன்னதும் ஏற்றினேன், துப்பாக்கியை மண் திட்டைப் பார்க்க வைத்து ஹேமரைக் கட்டைவிரலால் பிடித்து மெதுவாக இறக்கினேன். இந்த ஒரு காரியத்தை மட்டும் எத்தனை வருஷம் ஆனாலும் அவசரமாகச் செய்ய மாட்டேன், கை நழுவி வெடித்தால் அன்றோடு வீட்டுக்கு. பீப். முதல் குண்டு டபுள் ஆக்‌ஷனில் ஏ. 20 ஏ, 8 சி, 124 புள்ளி, 19.83 நொடி. 6.25.

15 பவுண்டு ஸ்பிரிங் வாங்கவே இல்லை. 11.5-ஐயும் தூக்கிப் போடவில்லை, ஒரு ஃபெடரல் பெட்டி கிடைத்தால் ஒருதரம் மாட்டிப் பார்க்கலாம் என்று டிராயரில் கிடக்கிறது. மனைவிக்குத் தெரியாது.

எல்லாரும் அட்டைகளில் ஓட்டை அடைக்கப் போனபோது மாமா குனிந்து கூடு பொறுக்க ஆரம்பித்தார். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர், இவருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது என்று தெரியாமல், ஏதோ கேட்டுக்கொண்டே தன் தொப்பி நிறையப் பொறுக்கிக் கொண்டுவந்து கொடுத்தார். மாமா அதை வாங்கி, ஒவ்வொன்றாகத் திருப்பி அடிப்பக்கம் பார்த்து, கூட்டல் குறி போட்டதை எல்லாம் அந்தத் தொப்பியிலேயே திருப்பிப் போட்டுக் கொடுத்துவிட்டார்.