ஹோல்டர் மிஷினோடு வீட்டில்

கொஞ்ச நாளாக நெஞ்சு ஒரு துடிப்பை விட்டுவிட்டு அடுத்ததை ஓங்கி அடிக்கிறது. ஈசிஜியில் ஒன்றும் பிடிபடவில்லை. அது பதிவது ஏறக்குறைய 10 செக்கன்தான். அந்த நேரம் பார்த்து இந்தக் குழப்படிக்காரன் நல்ல பிள்ளையாகிவிடுவான். அதனால் 24 மணித்தியாலமும் துடிப்பைப் பதியும் ஹோல்டர் மிஷின். நெஞ்சில் ஒட்டுகள், வயர்கள், இடுப்பில் சின்னப் பெட்டி. முல்லைத்தீவு வெயிலில் வியர்த்து ஒட்டுக் கழன்றுவிடுமோ என்பது தனிக் கவலை.

இரவு நாடியைப் பிடித்து எண்ண எண்ண அது கூடிக்கொண்டே போனது. பயந்தால் அட்ரினலின் சுரக்கும், அது துடிப்பை இன்னும் கிளப்பும். டொக்டர் விளக்கியதில்தான் கொஞ்சம் ஆறுதல். துடிப்பு நிற்பதில்லையாம். ஒன்று முந்தி வந்துவிடுகிறது, பிறகு சின்ன இடைவெளி. அதற்குள் இரத்தம் கூடுதலாக நிரம்புவதால் அடுத்த அடி பலமாகத் தெரிகிறது. இதயம் மற்றப்படி நன்றாக இருந்தால் பெரும்பாலும் ஆபத்தில்லை. அதைப் பார்க்கத்தான் எக்கோ என்ற இதய ஸ்கான். வெறும் ஒலி அலை, நோகாது.

அம்மா தேத்தண்ணியை நிறுத்திவிட்டா. "வழமைபோல இருக்கச் சொன்னவை அம்மா" என்றேன். "அது மிஷினுக்கு. இது எனக்கு."

படபடப்பு வந்த நேரத்தைக் குறிக்கத் தந்த தாளில், "பின்னேரம் 4.10, கச்சான் தோட்டத்துக்குள் மாடு கலைத்தேன்" என்று எழுதியிருக்கிறேன். டொக்டர் என்ன நினைப்பாரோ.

மயக்கம், நெஞ்சு நோ, மூச்சு முட்டு வந்தால் யோசிக்காமல் 1990க்கு அடியுங்கள். அம்புலன்ஸ் இலவசம்.

வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ எக்கோ எடுத்தவர்கள் எவ்வளவு நேரம் போனது என்று சொல்லுங்கோ. கூகிளில் தேடமாட்டேன் என்று தங்கச்சிக்குச் சத்தியம் பண்ணியிருக்கிறேன்.