அப்பாவின் ரேடியோவுக்காக ஒரு கெர்னல்

எங்கள் ஹாலில் இருக்கும் லேப்டாப் 2013-இல் வாங்கியது. ஐ3 செயலி, 4 ஜிபி ராம், பிறகு நான் மாற்றிப் போட்ட எஸ்எஸ்டி, இயங்குதளம் லினக்ஸ் மின்ட் 21.3. காலையில் பசியாறி முடித்ததும் அப்பா அதன் முன்னால் உட்கார்ந்து இணையத்தில் மின்னல் எஃப்எம் வானொலி கேட்பார். சில மாதங்களாகப் பாட்டு நின்று நின்று வந்தது. "டேய், மறுபடியும் நின்னு போச்சுடா" என்று அவர் கூப்பிடும்போதெல்லாம் எனக்குக் கஷ்டமாக இருக்கும். அவர் கேட்பது அந்த ஒன்றைத்தான்.

காரணம் தெரிந்ததுதான். பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்களுடையது அடுக்குமாடி வீடு. வைஃபை பட்டியலைத் திறந்தால் மேல்மாடி, கீழ்மாடி, எதிர் பிளாக் என்று திரை நிறையப் பெயர்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றின் மேல் ஒன்று விழாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். இந்த லேப்டாப்பின் வைஃபை அட்டை நெரிசல் குறைந்த 5 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்யாது. அதனால் பிராங்கின் மாலில் 35 வெள்ளிக்கு ஒரு யூஎஸ்பி வைஃபை வாங்கி வந்தேன். உள்ளே இருப்பது ரியல்டெக் 8811சியு சில்லு.

செருகியதும் திரையில் ஒரு சிடி தெரிந்தது. இந்த வகைச் சாதனங்களில் பல, விண்டோஸ் டிரைவரை (சாதனத்தை இயக்கும் மென்பொருளை) தருவதற்காக முதலில் சிடி போலத்தான் தங்களைக் காட்டிக்கொள்ளும். அதை ஈஜெக்ட் செய்தேன், யூஎஸ்பி பட்டியலில் அடையாள எண் மாறியது. ஆனால் வைஃபை வரவில்லை. லினக்ஸின் மையப் பகுதிதான் கெர்னல், சாதனங்களோடு பேசுவது அதுதான். என்னிடம் இருந்தது 2021 அக்டோபரில் வந்த 5.15 கெர்னல். ரியல்டெக்கின் ஆர்டிடபிள்யூ88 டிரைவர் அதில் உண்டு, ஆனால் யூஎஸ்பி சில்லுகளுக்கான பகுதி கெர்னலில் சேர்ந்தது 2023 பிப்ரவரியில் வந்த 6.2-இல்தான்.

வெளியாட்கள் எழுதிய டிரைவரை இறக்கி, கெர்னலுக்கு ஏற்ப டிரைவரைக் கட்டித் தரும் டிகேஎம்எஸ் என்ற கருவி வழியாகக் கட்டிக்கொள்ளலாம். உள்ளே இருக்கும் பழைய அட்டையே அப்படித்தான் ஓடுகிறது. கெர்னல் மாறும் ஒவ்வொரு முறையும் அது புதிதாகக் கட்டப்பட வேண்டும். அந்த மாதிரி இரண்டாவதாக ஒன்றையும் தலையில் ஏற்றிக்கொள்ள மனம் வரவில்லை.

ஆனாலும் ஒரு வாரம் யோசித்தேன். நன்றாக ஓடும் பழைய கணினியில் கெர்னலைத் தொடுவது சின்ன விஷயம் இல்லை. 5.15 பழைய எண் என்பதால் பாதுகாப்பு இல்லாதது என்று அர்த்தமில்லை. மின்ட் 21.3-க்கு அடித்தளம் உபுண்டு 22.04 என்ற இன்னொரு லினக்ஸ், அதன் திருத்தங்கள் 2027 ஏப்ரல் வரை 5.15-க்கு வந்துகொண்டே இருக்கும். யூஎஸ்பி வைஃபை மட்டும் இல்லையென்றால் நான் மாற்றியே இருக்க மாட்டேன். தம்பியின் டெஸ்க்டாப் கேபிளில் ஓடுகிறது, அதை இன்றுவரை 5.15-இல்தான் விட்டிருக்கிறேன்.

எனக்குத் தேவை 6.2 மட்டும்தானே, அதையே போடலாமா என்று பார்த்தேன். மின்ட்டின் அப்டேட் மேனேஜரில் கெர்னல் பட்டியலைத் திறந்தால் ஒவ்வொன்றுக்கும் எதுவரை ஆதரவு என்று இருக்கும். 6.2-க்கும் 6.5-க்கும் காலம் முடிந்துவிட்டது. 22.04-க்குக் கடைசியாக வந்த 6.8 மட்டும் 5.15 போலவே 2027 ஏப்ரல் வரை போகும். அங்கேதான் முடிவு எடுத்தேன்.

இன்னொரு பயமும் இருந்தது, திரையின் வெளிச்சம். 6.1 கெர்னலில் பேக்லைட்டை (திரையின் பின்விளக்கை) கையாளும் முறையைத் திருத்தி எழுதினார்கள். சில பழைய லேப்டாப்புகளில் அதன் பிறகு வெளிச்சப் பொத்தான் வேலை செய்யாமல் போனது. அப்பாவுக்குக் கண் கூசும், ஆகவே இது எனக்கு முக்கியம்.

சனிக்கிழமை இரவு டைம்ஷிஃப்ட் என்ற கருவியில் கணினியின் இப்போதைய நிலைக்கு ஒரு பிரதி எடுத்துவிட்டு ஆரம்பித்தேன். தவறு என்னுடையது: அப்டேட் மேனேஜரை விட்டுவிட்டு டெர்மினலில் 6.8-இன் இமேஜ் பொதியை, அதாவது கெர்னலை மட்டும் நிறுவினேன். மறுபடி தொடங்கினால் புது வைஃபை இல்லை, பழைய வைஃபையும் இல்லை, சத்தமும் இல்லை. உபுண்டுவில் இமேஜ் பொதியோடு அடிப்படை மாட்யூல்கள் (டிரைவர் போன்ற துண்டுகள்) மட்டுமே வரும். மிச்ச டிரைவர்கள் மாட்யூல்ஸ்-எக்ஸ்ட்ரா என்ற தனிப் பொதியில் இருக்கின்றன. டிகேஎம்எஸ் கட்டுவதற்கு ஹெடர்ஸ் பொதியும் வேண்டும். இரண்டையும் நான் போடவில்லை.

கொஞ்சம் வியர்த்தது. அப்புறம் கணினி தொடங்கும்போது கெர்னலைத் தேர்ந்தெடுக்கும் கிரப் பட்டியலில் பழைய 5.15-ஐத் தேர்ந்து உள்ளே போனேன், எல்லாம் பழையபடி இருந்தது. அங்கிருந்தே பழைய வைஃபை மூலம் அந்த இரண்டு பொதிகளையும் இறக்கினேன். ஹெடர்ஸ் வந்ததும் டிகேஎம்எஸ் தானாகவே பழைய அட்டையின் டிரைவரை 6.8-க்காகக் கட்டத் தொடங்கியது. அந்த வரிகள் ஓடுவதைப் பார்த்தபோதுதான் மூச்சு வந்தது.

இந்த முறை 6.8-இல் எல்லாம் வந்தது. சிடியை ஈஜெக்ட் செய்த உடனே 5 கிகாஹெர்ட்ஸ் இணைப்பு பட்டியலில் தெரிந்தது. வெளிச்சப் பொத்தான் ஏறி இறங்குகிறது. மூடியை மூடித் திறந்து ஐந்து முறை சோதித்தேன், தூங்கி எழுகிறது. 6.1-இல் சேர்ந்த எம்ஜிஎல்ஆர்யூ என்ற நினைவக மேலாண்மையும் இதில் இயங்குகிறது. 4 ஜிபிக்கு அது உதவும் என்பார்கள். பிரவுசரில் பத்து டேப் திறந்தபோது திணறல் குறைந்த மாதிரிதான் தெரிகிறது, ஆனால் அளந்து பார்க்கவில்லை.

ரூட்டர் ஹாலிலேயே இருப்பதால் அப்பாவின் நாற்காலியில் சிக்னல் முழுதாக இருக்கிறது. லேப்டாப்பைச் சமையலறைக்குக் கொண்டுபோனால் சுவரைத் தாண்டி 5 கிகாஹெர்ட்ஸ் வலுவிழக்கிறது, அங்கே 2.4-க்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

5.15-ஐ நீக்கவில்லை, கிரப்பில் அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு முறை செருகும்போதும் ஈஜெக்ட் செய்ய அப்பாவால் முடியாது, சாதனம் செருகப்பட்டதும் அதைத் தானாகச் செய்யும் யூடெவ் விதி ஒன்றை எழுத வேண்டும். அதுவரை யூஎஸ்பியைக் கழற்றாதீர்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நேற்றுக் காலை ஒன்பதரைவரை பாட்டு ஒருமுறைகூட நிற்கவில்லை.