கணக்குப் போடுற முறைய மாத்தினா பிளாக் ஹோலுக்கு நிலைமாற்றம் வருமா?

பிளாக் ஹோல் பத்தி எதப் படிச்சாலும் கடைசில அதோட டெம்பரேச்சர்ல தான் என் மனசு போய் நிக்குது. 1974ல ஹாக்கிங் சொன்ன கணக்குப்படி மாஸ் கூடக் கூட சூடு குறையும், சூரியன் எடை உள்ள ஒண்ணுக்கு சுமார் 60 நானோகெல்வின் தான் வரும், வெளிய இருக்குற மைக்ரோவேவ் பின்னணியோ 2.7 கெல்வின், அதனால அது அந்த எனர்ஜிய முழுங்கி இன்னும் குளிருது. ஹீட் கெபாசிட்டி நெகட்டிவ், அதாவது எனர்ஜி சேரச் சேர சூடு குறையுது. இப்படி ஒண்ணு சுத்தி இருக்குற கதிர்வீச்சோட நிலையா சமநிலைல நிக்க முடியாது.

1983ல ஹாக்கிங்கும் டான் பேஜும் பிளாக் ஹோல ஆன்டி டி சிட்டர்ங்குற, எதிர்மறையா வளைஞ்ச ஒரு கற்பனை வெளில வச்சுப் பாத்தாங்க. அங்க வெளியே ஒரு பெட்டி மாதிரி கதிர்வீச்ச திருப்பி அனுப்பிடும். சின்ன பிளாக் ஹோல் பழையபடி நிலையில்லாம தான் இருக்கு, பெருசுக்கு ஹீட் கெபாசிட்டி பாசிட்டிவ், ஒரு டெம்பரேச்சருக்கு மேல வெறும் கதிர்வீச்ச விட பிளாக் ஹோல் தான் சாதகமான நிலை, இந்த மாற்றத்துக்கு தான் ஹாக்கிங் பேஜ் நிலைமாற்றம்னு பேர். ஆனா நம்ம பிரபஞ்சம் அந்த வகை இல்லையே!

இங்க தான் புள்ளியியல் வருது. ரெண்டு சிஸ்டத்த சேத்தா என்ட்ரோபி (ஒரு சிஸ்டம் உள்ளுக்குள்ள எத்தனை விதமா இருக்கலாம்ங்குறதோட அளவு) கூட்டலா வரும்னு போல்ட்ஸ்மான், கிப்ஸ் வழில எடுத்துக்குறோம், அது பக்கத்துல மட்டும் வேலை செய்யுற விசைக்கு சரி. ஈர்ப்பு அப்படி இல்ல. பிளாக் ஹோல் என்ட்ரோபி பரப்பளவ பொறுத்தது, அதனால சம எடைல ரெண்டு சேந்தா (வெளிய போற ஈர்ப்பு அலைய விட்டுட்டா) ஒண்ணோடதுல நாலு மடங்கு ஆயிடும். கூட்டலுக்கு அடங்காத என்ட்ரோபிய 1988ல ட்சாலிஸ் முன்வச்சிருந்தாரு. 2013ல பிரோ, சின்னர் ரெண்டு பேரும் ரென்யி என்ட்ரோபிய, அதாவது பழைய என்ட்ரோபியோட லாம்டாங்குற ஒரு எண்ண சேத்த லாகரிதம் வடிவத்த, சாதாரண ஷ்வார்ஸ்சைல்ட் பிளாக் ஹோலுக்கு (சுழற்சியும் மின்னூட்டமும் இல்லாதது) போட்டுப் பாத்தாங்க. டெம்பரேச்சர்ல மாஸோட சேந்து ஏறுற ஒரு பகுதி புதுசா வருது, அதனால நடுவுல ஒரு குறைஞ்சபட்ச டெம்பரேச்சர், அதுக்கு மேல பெரிய பிளாக் ஹோல் நிலையானது, கூடவே ஹாக்கிங் பேஜ் மாதிரியே ஒரு நிலைமாற்றம். பெட்டியே தேவைப்படல! எனக்கு இது ரொம்ப அழகா படுது.

ஆனாலும் நோஜிரி, ஓடின்ட்சோவ், ஃபராவோனிங்குற இயற்பியலாளர்கள் இதுக்கு வச்ச ஆட்சேபம் கனமானது. ஹாக்கிங் டெம்பரேச்சர் குவாண்டம் புலத்துலேர்ந்து நேரா வருது, அதுக்கு என்ட்ரோபியே தேவையில்ல. அந்த டெம்பரேச்சரையும் மாஸ் தான் எனர்ஜிங்குறதையும் விடாம வச்சா வெப்ப இயக்கவியலோட முதல் விதிப்படி (எனர்ஜி மாற்றம்னா டெம்பரேச்சர் பெருக்கல் என்ட்ரோபி மாற்றம்) பரப்பளவு என்ட்ரோபி மட்டும் தான் கிடைக்கும், வேற என்ட்ரோபி வேணும்னா ரெண்டுல ஒண்ண விட்டே ஆகணும். ரென்யி ஆளுங்க விடுறது டெம்பரேச்சர. அப்ப அந்தப் புது டெம்பரேச்சர எந்த தெர்மாமீட்டர் காட்டும், லாம்டாங்குற அந்த எண் எந்த நுண்நிலைலேர்ந்து வருதுன்னு முதல்ல சொல்லணும், நிலைமாற்ற கிராஃப் எல்லாம் அதுக்கப்புறம் தான்னு நான் நெனைக்கிறேன்.