10 வந்தால் நின்றுவிடும் அலை

எங்கள் லேபில் ஒரு பழைய ஆஸிலோஸ்கோப் (மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் கருவி) இருக்கிறது, சீரியல் கேபிளில்தான் பேசும். அதிலிருந்து ஒரு அலையின் 2500 புள்ளிகளை, கருவிகளோடு பேச நிரல் எழுதும் மென்பொருளான லேப்வியூவில் ஒரு அரேக்குள் (எண் பட்டியல்) கொண்டுவரணும், அவ்வளவுதான் வேலை. அரை நாளில் முடியும் என்று உட்கார்ந்தேன், மூன்று நாள் ஆனது.

புள்ளிக்கு 2 பைட், ஆக 5000 பைட். அதற்கு முன்னால் ஐஇஇஇ 488.2 என்ற, கருவிகள் பேசுவதற்கான பொது முறைப்படி #45000 என்று ஒரு ஹெடர் (முன்குறிப்பு) வரும். அந்த 4, பின்னால் வரும் எண்ணுக்கு எத்தனை இலக்கம் என்று சொல்கிறது; 5000 பைட் கணக்கு. கடைசியில் ஒரு வரிமுடிவு எழுத்து. மொத்தம் 5007.

ஸ்கோப்பின் புரோபை (அளக்கும் முனையை) எதிலும் மாட்டாமல், வெறும் கோட்டை மட்டும் பார்த்தபோது 5007-ம் ஒழுங்காக வந்தது. சைன் அலை கொடுத்தால் மட்டும் சில நூறு பைட்டோடு நின்றுவிடும், அதுவும் ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில், பிழையும் காட்டாது. கேபிளை மாற்றினேன், பாட் ரேட்டை, அதாவது கேபிளில் அனுப்பும் வேகத்தை, 9600-க்குக் குறைத்தேன் (ஒரு அலை வந்துசேர 5 நொடிக்கு மேல், கொட்டாவி விட்டுக்கொண்டே பார்த்தேன்), ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் வந்த பைட்டுகளை எண்ணாக மாற்றிப் பார்த்தால், நின்ற இடத்திலெல்லாம் கடைசி பைட் 10! வரிமுடிவு எழுத்தின் எண்ணும் 10தான். லேப்வியூவில் சீரியல் போர்ட்டைத் திறக்கும்போது, 10 வந்தால் படிப்பதை நிறுத்து என்ற அமைப்பு நாம் சொல்லாமலே ஆனில் இருக்கிறது. ஸ்கோப் அலையின் உயரத்தைப் படிகளாக எண்ணித்தான் அனுப்புகிறது; அலை 10-வது படியைத் தொட்டதும் கதை முடிந்தது. வெறும் கோடு அந்த உயரத்துக்கு ஏறவே இல்லை, அதனால் தப்பித்தது.

அதை அணைத்துவிட்டு முதலில் 2 பைட், பிறகு 4, பிறகு 5000 என்று எண்ணிப் படித்தேன். எல்லாம் வந்தது, ஆனால் அலையின் கீழ்ப்பாதி மேலே ஏறி உட்கார்ந்திருந்தது. பைட்டுகளை எண்ணாக்கும் லேப்வியூவின் டைப் காஸ்ட் எப்போதும் மேல் பைட் முதலில் வரும் என்று எடுத்துக்கொள்ளும். ஸ்கோப் கீழ் பைட்டை முதலில் அனுப்பிக்கொண்டிருந்தது; படி எண் மேல் பைட்டில் இருக்கிறது, கீழ் பைட் வெறும் 0. அதனால் மைனஸ் ஒரு படி 255 ஆகிவிட்டது. பைட் வரிசையை மாற்றிப் போட்டதும் சரியானது.

சரி, முடிந்தது என்று இரண்டாவது அலையைக் கேட்டேன். 2250 புள்ளி, அத்தனையும் குப்பை. முதல் தடவை நான் படிக்காமல் விட்ட அந்த வரிமுடிவு பைட் பஃபரிலேயே (வந்த பைட்டுகள் காத்திருக்கும் இடம்) கிடந்திருக்கிறது. அதையும் # குறியையும் ஹெடரின் 2 பைட் என்று தள்ளிவிட்டு, அடுத்த 4 பைட்டை எடுத்தால் 4500. சொன்னபடி 4500 பைட் படித்துத் தந்துவிட்டது என் நிரல்! இப்போது 5000-க்குப் பிறகு இன்னும் 1 பைட் படித்துத் தூக்கிப் போடுகிறேன்.