மரகதாம்பிகை சந்நிதியில் ஒரு உடும்பு

ஓசூருக்கு மாற்றலாகி வந்து மூன்று வருஷமாகியும் சந்திரசூடேஸ்வரர் மலைக்கோயிலுக்குப் போனது சென்ற திங்கட்கிழமைதான். பெங்களூரு நெடுஞ்சாலையில் போகும்போதெல்லாம் கண்ணில் படும் மலை. அங்கிருந்தே ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்விடுவேன்.

அடிவாரத்துப் பூக்கார அம்மா தெலுங்கில் எண்ணி முழம் போட்டார், தமிழில் விலை சொன்னார், குறுக்கே ஓடிய பேரனைக் கன்னடத்தில் திட்டினார். ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு முழித்த என்னைப் பார்த்து, பங்ச்சர் கடை பாய், "இங்க வச்சிட்டுப் போங்க சார்" என்றார். மகனிடம் உருதுவில் ஏதோ சொல்ல, அவன் வாங்கி உள்ளே வைத்தான்.

இந்தக் கதம்பமெல்லாம் தொழிற்சாலைகள் கொண்டுவந்தது என்றே நினைத்திருந்தேன். அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் எல்லாம் நேற்று வந்தவை. ஊர் மாநகராட்சியானதே 2019இல்தான். 'ஹொச ஊரு', புது ஊர் என்று கன்னடத்தில் பேர் வைத்தவர்கள் எந்தக் காலத்தில் வந்தார்களோ!

அர்ச்சனை வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு ஒடிசாப் பையன்கள், ஷிஃப்ட் முடிந்த சீருடையோடு. "நட்சத்திரம்?" என்றார் குருக்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "ராசியாவது தெரியுமா தம்பி?" "மேஷ்." "போதும். சுவாமி கண்டுபிடிச்சுப்பார்."

அம்பாள் சந்நிதியில் ஒரு பாட்டி பேத்திக்குத் தெலுங்கில் தலபுராணம் சொல்லிக்கொண்டிருந்தார். ஈசன் உடும்பாக மாறி ஓட, துரத்திப் பிடித்த பார்வதியின் மேனி பச்சையாகிவிட்டதாம், அதனால்தான் மரகதாம்பிகை. பையன்களில் ஒருவன் காதைத் தீட்டிக் கேட்டான். ஆந்திர எல்லையை ஒட்டிய கஞ்சாம் பக்கத்துக்காரனாம், தெலுங்கு கொஞ்சம் வருமாம். ஒரு சொல் மட்டும் பிடிபடவில்லை.

"உடுமு, பாபு!" என்றார் பாட்டி. "உடும்பு" என்றேன் நான், பெரிய உதவி செய்கிறவன் போல. பின்னால் நின்றவர் "உட" என்று கன்னடத்தில் எடுத்துக்கொடுத்தார். பையன் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

பாட்டி தேங்காய்த் தட்டைப் பேத்தியிடம் கொடுத்தார். விரல்களை அகல விரித்து, உள்ளங்கையைச் சுவரில் பதித்து மெல்ல மேலே ஏற்றினார். நாக்கை வேறு நீட்டி நீட்டி இழுத்தார்.

"கோதி!" என்று தன் மொழியில் கத்திவிட்டான் பையன். உடனே நண்பன் பக்கம் திரும்பி, கதையை ஒடியாவில் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தான்.