பார்க்காமலே கொடுத்த மருந்தும் வீணாய்ப் போன ஆறு வாரமும்

பிறப்புறுப்பை ஒட்டிய தோலில் மூன்று சிறு பருக்களை நான் முதலில் கவனித்தது புரட்டாசிக் கடைசியில். வலியில்லை, நீர் வடியவில்லை, கடுகைவிடச் சற்றுப் பெரியவை. சவரம் செய்ததால் மயிர்க்காலில் வந்த புண் என்று நினைத்துப் பத்து நாள் விட்டுவிட்டேன். அவை மொலஸ்கம் என்ற வைரஸ் தொற்றால் வந்தவை என்பது பின்னால்தான் தெரிந்தது. அதற்குமுன் நான் உதவி தேடிப் போன முதல் மூன்று இடங்களிலும் அந்த இடத்தை ஒருவர்கூடக் கண்ணால் பார்க்கவில்லை.

கோத்தகிரியில் என்னைத் தெரியாத மருந்துக்கடையாகத் தேடிப் போய், "தொடை இடுக்கில் அரிப்பு" என்று மட்டும் சொன்னேன். சீட்டுக் கேட்காமலே ஒரு களிம்பை எடுத்துக் கொடுத்தார்கள். நான்கே நாளில் அரிப்பும் சிவப்பும் அடங்கியதால், குணமாகிவருகிறது என்று நம்பித் தொடர்ந்து தடவினேன். குழாயின் பின்புறம் பொடி எழுத்தில் க்ளோபெட்டசால் என்ற ஸ்டீராய்டின் பெயர் இருந்ததையும், ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று 2018-ஆம் ஆண்டிலேயே விதி கடுமையாக்கப்பட்டதையும், அந்த ஸ்டீராய்டு தோலின் எதிர்ப்புச் சக்தியைத் தணித்து இத்தகைய வைரஸ் பருக்களைப் பரவவிடக்கூடும் என்பதையும் பின்னால்தான் அறிந்தேன். இரண்டு வாரத்தில் மூன்று பருக்கள் பதினொன்றாயின.

அடுத்துப் போன சிறு கிளினிக்கில் மருத்துவர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே, "கல்யாணம் ஆயிடுச்சாம்மா? வீட்டுக்காரர் எங்கே வேலை?" என்று கேட்டார். திருப்பூரில், மாதம் ஒருமுறை வருவார் என்றேன். "அப்போ அதுதான்" என்று சொல்லி ஆன்டிபயாடிக் மாத்திரை எழுதிவிட்டார். அந்தச் சொல் என்னை மூன்று வாரம் தூங்கவிடவில்லை. கணவர் தொலைபேசியில் அழைத்தால் எடுக்கவே மனம் வரவில்லை. ஒரு பருவைக்கூடப் பார்க்காதவர் என் கணவரைப் பற்றித் தீர்ப்புச் சொன்னதை இன்றும் என்னால் பொறுக்க முடியவில்லை.

மாத்திரையால் பயனில்லாமல், விடுப்பு எடுத்துக்கொண்டு முதல் பேருந்தில் உதகையில் ஒரு மருத்துவமனைக்குச் சென்றேன். ஓ.பி. சீட்டுப் போடும் இடத்தில் "என்ன தொந்தரவு, சத்தமாச் சொல்லுங்க" என்றார்கள். பின்னால் எங்கள் ஊர்க்காரர் இருவர் நின்றதால், வயிற்றுவலி என்று சொல்லிவிட்டேன். பொது மருத்துவப் பிரிவில் இரண்டு மணி நேரம் காத்திருந்து, அங்கிருந்து தோல் பிரிவுக்கு அனுப்பப்பட்டபோது, தோல் மருத்துவர் முகாமுக்குப் புறப்பட்டுவிட்டார். சீட்டுப் போடும்போது "தோல் டாக்டரைப் பார்க்கணும்" என்று மட்டும் சொன்னால் போதும். எந்த இடத்தில், எதனால் என்பதையெல்லாம் அங்கே சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. அது தெரிந்திருந்தால் எனக்கு ஒரு நாள் மிஞ்சியிருக்கும்.

கார்த்திகை மழையில் மேட்டுப்பாளையம் சாலையில் மரம் விழுந்ததால், தோல் மருத்துவரைப் பார்க்கக் கோவைக்குப் போவதும் இரண்டு நாள் தள்ளிப்போனது. அங்கிருந்தவர் ஆண் மருத்துவர். பரிசோதனையின்போது பெண் செவிலியர் உடன் இருக்க வேண்டும் என்று கேட்பது நம் உரிமை. நான் கேட்டேன், உடனே வரவழைத்துத் திரையை இழுத்துவிட்டார்கள். அவர் விளக்கை அருகில் கொண்டுவந்து உருப்பெருக்கியால் பார்த்து, ஒரு நிமிடத்துக்குள் "மொலஸ்கம்" என்றார். கைக்கண்ணாடி கொடுத்து என்னையும் பார்க்கச் சொன்னார். முத்துப்போல் பளபளத்த ஒவ்வொரு பருவின் நடுவிலும் குண்டூசி முனையால் அழுத்தியது போன்ற குழி இருந்தது. ஐந்து பருக்கள் ரேசர் போன வழியிலேயே ஒரே கோட்டில் நின்றன. மொலஸ்கம் கன்டேஜியோசம் என்ற இது பெரியவர்களிடம் பெரும்பாலும் உடலுறவால் பரவினாலும், துண்டாலும் ரேசராலும் ஒட்டக்கூடியது என்றும், தொற்றிய பிறகு பல வாரம், சிலருக்குச் சில மாதம் கழித்தே வெளியே தெரியும் என்பதால் யாரிடமிருந்து வந்தது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது என்றும் அவர் பொறுமையாக விளக்கினார். அந்த மேசையிலேயே நான் அழுதுவிட்டேன்.

எச்.ஐ.வி., சிபிலிஸ் இரத்தப் பரிசோதனைகளுக்கும் எழுதினார். எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் தரும் அரசு நம்பிக்கை மையத்தில் கட்டணமில்லை. ஆலோசகர் தனியறையில் பேசி, சம்மதம் பெற்ற பிறகே இரத்தம் எடுத்தார். இரண்டும் நெகட்டிவ்.

பருக்கள் தாமாகவே போக ஓராண்டுகூட ஆகலாம் என்றதால் எடுத்துவிடச் சொன்னேன். மரத்துப்போகும் களிம்பைத் தடவி ஒரு மணி நேரம் விட்டு, ஊசி முனையால் கீறி, உள்ளிருந்த வெள்ளைக் கருவை ஒவ்வொன்றாக வெளியேற்றினார்கள். எறும்பு கடித்த அளவுதான் வலி. வீட்டில் இதை முயலவே கூடாது, பிதுக்கினால் பக்கத்தில் பரவும். எல்லாம் ஆறும்வரை சவரமும் கூடாது.

இரண்டாம் முறை கணவரும் உடன் வந்தார். அவர் அடிவயிற்றிலும் ஒன்று இருந்தது. எது முதலில் என்று மருத்துவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மழை மாதத்தில் ஒரு துண்டு காய மூன்று நாள் ஆகிற எங்கள் வீட்டில், வந்தவர் போனவர் எல்லோரும் கையில் கிடைத்ததை எடுத்துத் துடைப்பது வழக்கமாயிருந்தது. இப்போது ஆளுக்கொரு துண்டு, தனித்தனி ஆணியில். மறு இரத்தப் பரிசோதனை பங்குனியில். அதற்கு இருவரும் சேர்ந்தே போகிறோம்.