பிரஷர் இறங்காத அம்மாக்கள்

தூக்கத்தில் மூச்சு எப்படி ஓடுகிறது என்று டெஸ்ட் எடுக்கும் ஸ்லீப் லேபில் இரவு ஷிஃப்ட் பார்க்கிற எனக்குத் தீராத எரிச்சல் ஒன்று உண்டு. குறட்டை என்றாலே ஆம்பளை சமாச்சாரம் என்று வீட்டில் முடிவு கட்டிவிடுகிறார்கள். கணவரை மனைவி இழுத்துக்கொண்டு வருவார். மனைவியைக் கணவர் கூட்டிவருவது அபூர்வம்.

சமீபத்தில் ரிட்டயர்டு பேங்க் அதிகாரி ஒருவர் டெஸ்டுக்கு வந்தார். தலையில் பேஸ்ட் வைத்து வயர் ஒட்டி, நெஞ்சிலும் வயிற்றிலும் பெல்ட் கட்டிப் படுக்கவைத்தேன். துணைக்கு வந்த மனைவி பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டார். நடுராத்திரியில் மைக்கில் பெருங்குறட்டை. ஆனால் ஸ்கிரீனில் சாரின் மூச்சு சீராக ஓடுகிறது. கேமராவில் பார்த்தால் சத்தம் அந்த அம்மாவிடமிருந்து. திடீரென்று நிற்கும், அப்புறம் திணறிக்கொண்டு மூச்சை இழுப்பார்.

காலையில் வயரைப் பிரித்துக்கொண்டே, "அம்மா, பிரஷர் மாத்திரை சாப்பிடறீங்களா?" என்று கேட்டேன்.

"மூணு போடறேன் கண்ணு, இறங்கவே மாட்டேங்குது. ஏன், நானா குறட்டை விட்டேன்?"

வயது ஐம்பத்தாறு. மாதவிடாய் நின்று சில வருடம் ஆகியிருந்தது. விஷயம் அங்கேதான் இருக்கிறது.

புரோஜெஸ்டிரோன் மூளையைத் தூண்டி மூச்சை விடாமல் ஓட்டுகிற ஹார்மோன். ஈஸ்ட்ரோஜன் ரத்தக்குழாய்களைத் தளர்வாக வைக்க உதவுகிறது. இரண்டும் வற்றிப்போனால் பெண்களுக்கு இருந்த பாதுகாப்பும் குறைகிறது. 2001-ல் வெளியான பென்சில்வேனியா ஆய்வில், ஸ்லீப் ஆப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு விட்டு விட்டு நின்றுபோகும் நோய், மாதவிடாய் நிற்காத பெண்களில் 0.6 சதவீதம், நின்று ஹார்மோன் எடுக்காதவர்களில் 2.7, நின்றபின் ஹார்மோன் எடுத்துக்கொண்டவர்களில் 0.5. அதற்காக ஹார்மோன் மாத்திரை கேட்டுப் போய்விடாதீர்கள். இந்த நோய்க்கு அது சிகிச்சை கிடையாது, அதற்கென்று தனி ஆபத்துகளும் உண்டு.

பிரஷர் ஏன் ஏறுகிறது? கழுத்து ரத்தக்குழாயில் கரோட்டிட் பாடி என்று ஒரு சின்ன உறுப்பு. மூச்சு நின்று ஆக்ஸிஜன் இறங்கும்போதெல்லாம் அது அலறும். நரம்புகள் முறுக்கேறி, ரத்தக்குழாய்கள் சுருங்கும். ராத்திரி முழுக்க இப்படி நடந்தால் அந்த முறுக்கு பகலிலும் விடுவதில்லை. எலிகளில் அந்த உறுப்பின் நரம்பைத் துண்டித்தபோது பிரஷர் ஏறவில்லை என்று 1992-லேயே ஃபிளெட்சர் குழு காட்டிவிட்டது. பின்னால் வந்த எலி ஆய்வில், ஆக்ஸிஜனைக் குறைத்துக் குறைத்துக் கொடுத்தபோது ஆண் எலிகளைவிடப் பெண் எலிகளுக்குப் பிரஷர் குறைவாகவே ஏறியது. சினைப்பையை எடுத்துவிட்டால் அந்தச் சலுகை போய்விட்டது.

டெஸ்டோஸ்டிரோன் எதிர்ப்பக்கம் இழுக்கிறது. ஆண் ஹார்மோன் கூடுதலாகச் சுரக்கும் பிசிஓஎஸ் என்கிற சினைப்பைக் கோளாறு உள்ள இளம்பெண்களுக்கு ஆப்னியா அதிகம். ஜிம்முக்காக டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுகிற தம்பிகளும் இதைக் கொஞ்சம் படிக்கட்டும்: தீவிர ஆப்னியாவை வைத்துக்கொண்டு சிகிச்சை எடுக்காதவர்களுக்கு அந்த ஊசி கூடாது என்பதுதான் மருத்துவ வழிகாட்டுதல்.

பெண்கள் பலர் குறட்டை என்று சொல்லி வருவதில்லை. அசதி, காலைத் தலைவலி, தூக்கம் பிடிக்கவில்லை என்பார்கள். "மெனோபாஸ்தானே, அப்படித்தான் இருக்கும்" என்று பதில் கிடைக்கும்.

அந்த அம்மாவுக்கும் டெஸ்ட் எடுத்தோம். தீவிரம் என்று ரிப்போர்ட். இப்போது தொண்டை அடைபடாமல் காற்றை அழுத்தி அனுப்பும் சீபேப் மெஷினின் மாஸ்க் போட்டுத் தூங்குகிறார். சீபேப் சராசரியாக இரண்டு மூன்று புள்ளிதான் பிரஷரைக் குறைக்கும் என்பதால் மாத்திரையை நிறுத்தவில்லை. சாருக்கு லேசானதுதான், ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி அனுப்பிவிட்டார் டாக்டர்.